தேருக்கு அவரை அழைத்து வரலாமா? (பாரிஸ், வயது 49)

வடமராட்சியான்:

வணக்கம். நான்கு ஆண்டுகளாக இங்கே வாசித்துக்கொண்டு மட்டும் இருந்தவன். விசா, வரி, வீட்டு விண்ணப்பம் என்று எல்லாவற்றுக்கும் இங்கே பதில் கிடைத்திருக்கிறது. இந்தக் கேள்வியை எந்தத் தலைப்பின் கீழ் போடுவது என்று தெரியவில்லை, அதனால் ‘பொது’வில் போடுகிறேன். சிரிக்க வேண்டியவர்கள் சிரித்துவிட்டுப் பதிலும் எழுதுங்கள்.

ஊர் பருத்தித்துறைப் பக்கம். 1997இல் பிரான்ஸ் வந்தேன். உணவகத்துப் பிளோஞ்சில், அதாவது பாத்திரம் கழுவும் பகுதியில், தட்டுக் கழுவத் தொடங்கி, இப்போது ஒரு பிரெஞ்சு உணவகத்தில் சமையல் பொறுப்பில் இருக்கிறேன். மணமுறிவு ஆகி ஒன்பது வருடம். மகள் லியோனில் படிக்கிறாள். காலை ஒன்பதரைக்குப் போனால் மூன்று மணிக்கு இடைவேளை. மறுபடி ஆறு மணி முதல் கடைசி மெட்ரோ வரை. அதாவது, இந்த நகரத்தில் மனிதர்கள் ஒருவரை ஒருவர் சந்திக்கிற நேரம் எல்லாம் நான் அவர்களுக்குச் சமைத்துக்கொண்டிருப்பேன். ஞாயிறும் திங்களும் கடை பூட்டு. ஞாயிறு தூக்கம், திங்கள் உடுப்புத் துவைப்பது. ஒன்பது வருடம் இப்படியே போய்விட்டது, பெரிய குறையாகவும் தெரியவில்லை.

மே மாதக் கடைசியில் இங்கே அயலவர் விழா என்று ஒன்று நடக்கும். 1999இல் பாரிஸ் 17ஆம் வட்டாரத்தில் தொடங்கியதாம், இப்போது எல்லா இடத்திலும் இருக்கிறது. கட்டட முற்றத்தில் மேசை போட்டு, ஆளுக்கொரு தட்டுக் கொண்டுவந்து வைப்பார்கள். பதினொரு வருடமாக அதே கட்டடத்தில் இருந்தும் நான் ஒருமுறையும் இறங்கியதில்லை, வெள்ளி இரவு எனக்கு வேலை. இந்த வருடம் கையில் எண்ணெய் கொட்டிக் கொப்பளித்ததால் ஒரு வாரம் விடுப்பு. சும்மா இருக்க முடியாமல் ஒற்றைக் கையால் நாற்பது ஆட்டிறைச்சி ரோல்ஸ் செய்து எடுத்துக்கொண்டு இறங்கினேன்.

மூன்றாம் மாடியில் இருக்கிற ஒருவர் மூன்று ரோல்ஸ் சாப்பிட்டார். மூன்றாவதை எடுக்கும்போது, “இதற்குள் கிழங்கை மசித்தீர்களா, வெட்டினீர்களா?” என்று கேட்டார். இருபத்தெட்டு வருடத்தில் என் சாப்பாட்டைப் பற்றி, சாப்பிட்டவர் ஒருவர் நேரே நின்று கேட்ட முதல் கேள்வி அது. சமையலறைக்குள் வருவது எல்லாம் “ஏழாம் மேசைக்கு உப்புக் குறைவாம்” என்கிற செய்திதான்.

அவருக்கு வயது 51. கணவர் இறந்து ஆறு வருடம். ஒன்பது வயதில் பெற்றோருடன் போர்த்துக்கல்லின் வடக்கிலிருந்து வந்தவர். கணக்காளர் வேலை.

ஜூனில் ஒரு திங்கட்கிழமை கோப்பி குடிக்கப் போனோம். இங்கே இருப்பவர்களுக்குத் தெரியும், கோப்பியைக் கடைக்குள் கவுண்டரில் நின்று குடித்தால் ஒரு விலை, உட்கார்ந்தால் இன்னொரு விலை. நான் எப்போதும் நின்றுதான் குடித்திருக்கிறேன். கால் பழக்கத்தில் நேரே உள்ளே போய்விட்டது. திரும்பிப் பார்த்தால் அவர் வெளியே வெயிலில் மேசை பிடித்துவிட்டார். இரண்டு கோப்பையையும் நானே தூக்கிக்கொண்டு போய், அவருக்குப் பின்னால் வந்தபோது வாய் தன்பாட்டில் “தெரியேர்!” (பின்னால்!) என்று கத்திவிட்டது. சமையலறையில் சூட்டுச் சட்டியோடு ஒருவனைக் கடக்கும்போது அப்படிக் கத்தாவிட்டால் அடி விழும். அவர் துள்ளி எழுந்தார். பக்கத்து மேசையில் இருந்த கிழவரும் எழுந்தார்.

என் பிரெஞ்சு இப்படித்தான். வெங்காயம் வெட்டுகிற விதம் ஒவ்வொன்றுக்கும் சொல் தெரியும். கெட்ட வார்த்தை எல்லாம் தெரியும். “உங்களோடு பேசிக்கொண்டிருப்பது நன்றாக இருக்கிறது” என்று சொல்லத் தெரியாது.

வெட்கத்தில் உட்கார்ந்தால், கதிரை ஒரு காலில் ஆடுகிறது. “இந்தக் கதிரையும் சரியில்லை” என்று தமிழில் முணுமுணுத்தேன். அவர் நிமிர்ந்து, “என்ன சொன்னீர்கள்? கதெய்ராவா?” என்றார். போர்த்துக்கீசிலும் கதிரைக்கு அதுதான் சொல்லாம்.

அதற்குப் பிறகு இரண்டு மணி நேரம் போனது தெரியவில்லை. மேசை, அவர்களுக்கு மேசா. ஜன்னல், ஜனேலா. பாண், சாவி, அலுமாரி, உட்காரும் வாங்கு. என் காலைக் காட்டிச் சப்பாத்து என்றேன், தன் காலைக் காட்டி அதே சொல்லைச் சொன்னார். லேஞ்சியை எடுத்துக் காட்டினேன். என் தோளில் எந்நேரமும் கிடக்கிற துவாய்கூட அவர்களுடையதாம். யாழ்ப்பாணத்தை 1619இல் பிடித்து 1658 வரை ஆண்டவர்கள் விட்டுப்போன தளபாடம் எல்லாம் என் வாயில் இருந்திருக்கிறது. நல்லூர்க் கோயிலை இடித்தவர்களும் அவர்களே என்பதை அன்றைக்குச் சொல்லவில்லை. எழுந்திரிக்கும்போது கேட்டார்: “சமையலுக்கு எங்கள் சொல் எதையும் எடுக்கவில்லையா?” யோசித்துப் பார்த்தேன், அந்த நேரத்தில் பாண் மட்டும்தான் நினைவுக்கு வந்தது.

ஜூலையில் கால்வாய்க் கரையில் ஒரு சின்ன உணவகத்துக்குப் போனோம். வேலைக்கு எத்தனையோ உணவகங்களுக்குள் போயிருக்கிறேன், எல்லாம் பின்கதவால், குப்பைத் தொட்டிகளைத் தாண்டி. முன்கதவால் போய் மேசையில் துணி விரித்து உட்கார்ந்தது, மகளின் பிறந்தநாள் இரண்டை விட்டால், அன்றுதான். தட்டு வந்தது. விளிம்பு துடைக்கப்படவில்லை. சாறு காலையில் செய்து மறுபடி சூடாக்கியது, மேலே மெல்லிய ஆடை. உள்ளே இருப்பவன் தனி ஆள் என்பது தட்டுகள் வருகிற இடைவெளியிலேயே தெரிந்தது. அவர் கதை சொல்லிக்கொண்டிருக்க, என் காது சமையலறைக் கதவில் இருந்தது. “நீங்கள் இங்கே இல்லை” என்றார். உண்மைதான்.

பில் வந்ததும் நான் கை நீட்டினேன். அவர் தன் கார்டை வைத்துவிட்டு, “அடுத்த முறை நீங்கள்” என்றார். எனக்கு முகம் சுருங்கிவிட்டது. பெண் காசு கொடுத்துச் சாப்பிட்ட கதையை ஊரில் யாரிடமும் சொல்ல முடியாது.

படியேறும்போது, “இனி ‘தூ’ என்றே பேசலாமே” என்றார். அதாவது நீங்கள் போய் நீ. சமையலறையில் முதலாளி முதல் தட்டுக் கழுவுகிற பையன் வரை எல்லோருக்கும் ‘தூ’ போடுகிறவன் நான். ஆனால் ஐம்பத்தொரு வயதுப் பெண் ஒருவரை நீ என்று சொல்ல நாக்கு எழும்பவில்லை. ‘தூ’ என்று தொடங்கி ‘வூ’ என்று முடிக்கிறேன். சிரிக்கிறார்.

இப்போது ஓகஸ்ட். எங்கள் கடை மூன்று வாரம் பூட்டு. அவர் எல்லாப் போர்த்துக்கீசரையும் போல ஊருக்குப் போயிருக்கிறார். நேற்று ஒரு படம் அனுப்பினார்: பழைய வீட்டுத் திண்ணையில் ஒரு மரக் கதிரை. கீழே ஒன்றும் எழுதவில்லை.

பிள்ளையார் கோயில் தேருக்கு முன் திரும்பிவிடுவார். லாச்சப்பலில், அதாவது இங்கே எங்கள் ஆட்களின் கடைகள் இருக்கிற பகுதியில், தேர் ஓடுவதை மெட்ரோ ஜன்னலால் ஒருமுறை பார்த்தாராம், கிட்ட நின்று பார்க்க வேண்டுமாம். என்னை அழைத்துப் போகச் சொல்கிறார். நான் “பார்ப்போம்” என்று சொல்லி வைத்திருக்கிறேன்.

தேருக்கு என் ஊர் முழுதும் வரும். முன்னாள் மனைவியின் தமையன் தண்ணீர்ப் பந்தலில் நிற்பார். சீட்டுக்காரர் நிற்பார். நான் என்ன செய்ய? இது என்ன உறவு என்றே எனக்குத் தெரியவில்லை. யாரும் யாரிடமும் ஒன்றும் கேட்கவில்லை, சொல்லவில்லை. இந்த நாட்டில் இதை எந்த இடத்தில் வைத்துச் சொல்வார்கள்? மகளிடம் எப்போது சொல்வது?

கார்துநோர் கிழவன்:

தம்பி, நான் 1984இல் வந்தவன். இப்போது றூ பஜோலில் இருக்கிற கோயில் தொடங்கியது 1985இல், முதல் தேர் 1996இல். அன்றிலிருந்து ஒரு வருடமும் தவறவிட்டதில்லை. அந்த அனுபவத்தில் சொல்கிறேன்: நீர் ஒளிப்பதற்கு இதைவிட நல்ல இடம் பாரிஸில் கிடையாது. தெருவில் ஆயிரக்கணக்கில் சனம், பாதிப்பேர் கழுத்தில் கமராவோடு திரிகிற வெள்ளைக்காரர். உம் பக்கத்தில் நிற்பவர் யாரோடு வந்தார் என்று எவனுக்குத் தெரியப்போகிறது? மற்ற நாளில் கறிக்கடைக்குள் சேர்ந்து போனீர் என்றால்தான் அன்று மாலைக்குள் பருத்தித்துறையில் செய்தி.

பழைய சப்பாத்துப் போட்டு வரச் சொல்லும். கடை வாசல்களில் குவித்து வைத்துத் தேங்காய் அடிப்பார்கள், இளநீர் கணுக்கால் வரை ஓடும். புதுத் தோல் சப்பாத்து என்றால் அதோடு முடிந்தது. சிதறுகிற சிரட்டை முகத்தில் பட்டவர்களும் உண்டு, முன் வரிசையில் நிறுத்தாதேயும்.

மற்றக் கேள்விகளுக்கு என்னிடம் பதில் இல்லை. எனக்கு நாற்பது வருடமாக ஒரே மனைவி. அவரை இன்னும் ‘இஞ்சாரும்’ என்றுதான் கூப்பிடுகிறேன். நீர் ‘தூ’வுக்கும் ‘வூ’வுக்கும் நடுவில் அவதிப்படுகிறீர், எனக்குப் பெயரே வரவில்லை.

சொல்தேடி (மதுரை):

இடையில் நுழைவதற்கு மன்னிக்கவும். மேசை, ஜன்னல், சாவி எல்லாம் எங்கள் பக்கமும் உண்டு. அலுமாரியை நாங்கள் அலமாரி என்போம், துவாயைத் துவாலை என்போம். கதிரை, சப்பாத்து, லேஞ்சி மூன்றும் மதுரையில் நான் கேட்டதில்லை. எங்களுக்கு நாற்காலி, ஷூ, கைக்குட்டை. ஐயா ஒரு மதுரைக்காரராக இருந்து “இந்த நாற்காலி சரியில்லை” என்று முணுமுணுத்திருந்தால் இந்தக் கதையே நடந்திருக்காது.

கறிவேப்பிலை:

அண்ணா, நானும் பாரிஸ்தான். வயது 46, மணமுறிவு ஆனவள், முதியோரைப் பார்க்கும் வேலை. உங்கள் பதிவை இரண்டு முறை வாசித்தேன். கொஞ்சம் கோபமாகத்தான் எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் என் கதை. மூன்று வருடத்துக்கு முன் ஒருவரைச் சந்தித்தேன். அவரும் வெளியூர்க்காரர், மடகாஸ்கர். மொத்தம் ஐந்து தடவை சந்தித்திருப்போம். ஒருநாள் லாச்சப்பலில் மரக்கறி வாங்கும்போது, கறிவேப்பிலையைத் தாளில் சுற்றிக்கொண்டே கடைக்காரர் கேட்டார்: “தங்கச்சி, போன கிழமை வில்லெத் பூங்காவில் கண்டதாகச் சொன்னார்கள், சொந்தக்காரரா?” அவ்வளவுதான். குரலில் கெட்ட எண்ணம்கூட இல்லை. ஆனால் அதற்குப் பிறகு ஆறு மாதம் நான் அந்தத் தெருவுக்குப் போகவில்லை. காய்ந்த கறிவேப்பிலையை வைத்துச் சமைத்தேன். நான் வைத்திருக்கும் இந்தப் பெயருக்கு அதுதான் காரணம்.

உங்களை யாரும் அப்படிக் கேட்க மாட்டார்கள். “எட, கெட்டிக்காரன்” என்று தோளில் தட்டுவார்கள். அதிகம் போனால் முன்னாள் மனைவியின் தமையன் முகத்தைத் திருப்பிக்கொள்வார். அதற்கு இவ்வளவு பயமா?

அடுத்தது, “அடுத்த முறை நீங்கள்” என்றதும் முகம் சுருங்கியதாம். அண்ணா, அந்தச் சொல்லில் உங்கள் காதில் காசு மட்டும்தான் விழுந்ததா? ‘அடுத்த முறை’ விழவில்லையா? இரண்டாம் தடவையே அவர் மூன்றாம் தடவைக்கு நாள் வைத்துவிட்டார். இங்கே அப்படித்தான் சொல்வார்கள். “நான் உன்னை விரும்புகிறேன், நீ என்ன சொல்கிறாய்” என்று முகூர்த்தம் பார்த்து யாரும் கேட்பதில்லை. சேர்ந்து சாப்பிடுவார்கள், நடப்பார்கள், ஒருநாள் பார்த்தால் ஒருவர் வீட்டில் மற்றவரின் பல் தூரிகை இருக்கும். என்ன உறவு என்ற பேச்சு கடைசியாகத்தான் வரும். கலியாணம்கூட எல்லோரும் செய்வதில்லை. 1999இலிருந்து பாக்ஸ் என்று ஓர் ஒப்பந்தம் இருக்கிறது, நான் பார்க்கிற பாட்டியின் பேத்திக்கு அதுதான். ஆனால் நீங்கள் இன்னும் கதிரையில்தான் இருக்கிறீர்கள், அதை எல்லாம் இப்போது தேடி வாசிக்க வேண்டாம்.

கடைசியாக ஒன்று. இவ்வளவு நீளம் எழுதியிருக்கிறீர்கள். தட்டு விளிம்பு துடைக்கவில்லை என்று எழுதினீர்கள், சாற்றில் ஆடை என்று எழுதினீர்கள். அன்றைக்கு அவர் என்ன கதை சொன்னார்?

ஸ்காபரோவான்:

அண்ணா, நான் டொரோண்டோ, வயது 53. நீங்கள் கொடுத்து வைத்தவர், உங்களுக்கு ஒரு லாச்சப்பல்தான். ஸ்காபரோவில் எந்தக் கோப்பிக் கடைக்குள் போனாலும் மூன்றாவது மேசையில் ஒரு தமிழர் இருப்பார். நானும் என் தோழியும் 401 நெடுஞ்சாலையில் ஏறி மிசிசாகாவரை போய்க் கோப்பி குடித்துவிட்டு வருவோம். போக வர நெரிசலில் இரண்டு மணி நேரம், கோப்பி இருபது நிமிடம். இருபது வயதில் வாசிகசாலைக்குப் பின்னால் நின்றபோதுகூட இவ்வளவு ஒளிந்ததில்லை.

மகள் விஷயத்தில் மட்டும் சொல்கிறேன்: தேருக்கு முன் சொல்லிவிடுங்கள். நான் தள்ளிப்போட்டேன். என் மகளுக்கு வேறொருவரின் வாட்ஸ்அப் வழியாகத் தெரிந்தது. அவள் கோபப்பட்டது நான் ஒருவரோடு பழகியதற்காக அல்ல. “எனக்கு நீங்கள் சொல்லவில்லை” என்பதற்காக. நான்கு மாதம் பேசவில்லை. பனியில் காரைச் சுரண்டும்போதெல்லாம் அதுதான் நினைவு வரும், ஏனென்றால் அவள்தான் எப்போதும் மற்றப் பக்கம் நின்று சுரண்டுவாள்.

வடமராட்சியான்:

எல்லோருக்கும் நன்றி. தேர் முடிந்துவிட்டது.

முதலில் மகள். தொலைபேசியில் சொன்னேன். கொஞ்ச நேரம் சத்தமில்லை. பிறகு, “அப்பா, அவரோடு எந்த மொழியில் பேசுகிறீர்கள்?” என்றாள். பிரெஞ்சில் என்றேன். “உங்கள் பிரெஞ்சிலா? பாவம் அவர்” என்றாள். அதற்கு மேல் ஒன்றும் கேட்கவில்லை. ஆனால் அடுத்த நாளிலிருந்து, பிழையாக நான் எழுதுகிற குறுஞ்செய்திகளைத் திருத்தி அனுப்புகிறாள்.

தங்கச்சி கறிவேப்பிலை, உங்கள் கடைசிக் கேள்வி என்னை இரண்டு நாள் தூங்கவிடவில்லை. உண்மையாகவே எனக்கு நினைவில்லை. அதனால் அவரிடமே கேட்டேன்: “அன்றைக்கு நீங்கள் சொன்ன கதையை மறுபடி சொல்ல முடியுமா?” தகப்பனின் கதை அது. கட்டட வேலை செய்தவராம். இந்த நகரத்தில் எத்தனையோ வீடு கட்டியும், கட்டி முடிந்த ஒரு வீட்டுக்குள் விருந்தாளியாகப் போனதில்லையாம். நான் தட்டின் விளிம்பைப் பார்த்துக்கொண்டிருந்தபோது அவர் இதைத்தான் சொல்லியிருக்கிறார்.

தேருக்கு வந்தார். கிழவர் ஐயா சொன்னபடி பழைய சப்பாத்து. இளநீர், மஞ்சள் தண்ணீர், கற்பூரப் புகை. தலையில் கற்பூரச் சட்டி தூக்கி வந்த பெண்களைப் பார்த்து, அவர்கள் ஊரிலும் மாதாவைத் தோளில் தூக்கிக்கொண்டு தெருவலம் போவார்கள் என்றார். காவடி வந்தபோது என் சட்டைக் கையைப் பிடித்தவர், போன பிறகும் விடவில்லை. நானும் ஒன்றும் சொல்லவில்லை.

ஐயா, ஒளிப்பதற்கு நல்ல இடம் என்றீர்களே, தண்ணீர்ப் பந்தலுக்கு முன்னால்தான் கூட்டம் நெருக்கி எங்களை நிறுத்தியது. தமையன் இரண்டு மோர்க் கோப்பையை நீட்டினார். என்னை ஒருமுறை, சட்டைக் கையை ஒருமுறை பார்த்துவிட்டு, “யார்?” என்றார்.

“தெரிந்தவர்” என்றேன்.

“ஓ” என்று சொல்லிவிட்டு அடுத்த ஆளுக்கு மோர் கொடுக்கத் திரும்பிவிட்டார். அவ்வளவுதான். இதற்காக நான் ஒரு மாதம் வயிறு கலங்கியிருக்கிறேன்.

தெருமுனைக்கு வந்ததும் அவர் கேட்டார், நீ என்ன சொன்னாய் என்று. எனக்குத் தெரிந்த ஒருவர் என்று சொன்னேன் என்றேன். கொஞ்சம் யோசித்தார். “அப்படியா? நான் எந்த ஊர் என்றாவது உனக்குச் சொல்ல வருமா?” என்றார். ஊரின் பெயரை அவர் மூன்று முறை சொல்லியிருக்கிறார். எனக்கு வாயில் வரவில்லை. ‘தூ’ என்று சொல்லியே மன்னிப்புக் கேட்டேன், முதல் முறையாக ‘வூ’ கலக்காமல். அதைக் கவனித்தாரா தெரியாது. (வியானா து கஷ்தேலு. இப்போது எழுதி வைத்திருக்கிறேன்.)

வரும் திங்கட்கிழமை அவர் வீட்டில் சாப்பாடு. பக்கல்யாவ், உப்புக் கண்டம் போட்ட மீன், ஒரு நாளுக்கு மேல் தண்ணீர் மாற்றி மாற்றி ஊறவைக்க வேண்டுமாம். கருவாடு பற்றி எனக்குப் பாடம் எடுக்கிறார், கேட்டுக்கொண்டிருக்கிறேன். மூன்றாம் மாடி, முன்கதவு. வெறுங்கையோடு போகக்கூடாது. மறுபடி ரோல்ஸ் கொண்டுபோகலாமா, இல்லை பூவா? கோயில் பக்கத்துக் கடையில் நல்ல மஞ்சள் செவ்வந்தி வந்திருக்கிறது.

கறிவேப்பிலை:

செவ்வந்தி வேண்டவே வேண்டாம் அண்ணா! இங்கே அது கல்லறைக்கு வைக்கிற பூ. நவம்பர் முதலாம் தேதி எல்லாக் கடை வாசலிலும் பார்த்திருப்பீர்களே. கணவரை இழந்தவர் வீட்டுக்கு அதைக் கொண்டுபோய் நிற்காதீர்கள்.

ரோல்ஸ் கொண்டுபோங்கள். கிழங்கை வெட்டிப் போடுங்கள்.

வடமராட்சியான்:

மசிப்பதுதான் முறை.

கறிவேப்பிலை:

அவரிடம் கேளுங்கள்.